ஒரே மாத்திரை, வெவ்வேறு உடல்கள்

மருந்து ஒன்றைப் பற்றி மருத்துவ ஆராய்ச்சி விடை தேடும் கேள்விகள் மூன்று. அது நோயைத் தீர்க்கிறதா? தீர்க்கும்போது உடலுக்குத் தீங்கு செய்கிறதா? உள்ளே போன மருந்தை உடல் என்ன செய்கிறது? முதல் இரண்டும் நோயாளிக்கே எழும் கேள்விகள். மூன்றாவது ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடுவதுபோல் தெரிந்தாலும், மற்ற இரண்டுக்கும் உரிய விடையில் பெரும்பகுதி அதற்குள்தான் அடங்கியிருக்கிறது. ஒரே மாத்திரை ஒருவரைக் குணப்படுத்துகிறது. இன்னொருவருக்குப் போதாமல் போகிறது. வேறொருவருக்குத் துன்பமாக முடிகிறது. மருத்துவம், மருந்தியல், செவிலியம் ஆகிய துறைகளில் இன்று பட்டம் பெறுவோர் தம் பணிக்காலம் முழுவதும் இந்த வேறுபாட்டை எதிர்கொள்ளப் போகிறார்கள்.

விழுங்கிய மருந்து உடலில் நான்கு கட்டங்களைக் கடக்கிறது: உறிஞ்சப்படுதல், பரவுதல், மாற்றப்படுதல், வெளியேறுதல். காசநோய்க்குத் தரப்படும் ஐசோனியசிட் மாத்திரையைப் பின்தொடர்ந்தால் இவை தெளிவாக விளங்கும். வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டால் அது குடலிலிருந்து விரைவாக உறிஞ்சப்பட்டு, ஒன்றிரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் உச்ச அளவை எட்டும். சாப்பாட்டோடு போட்டால் உறிஞ்சுதல் தாமதப்படும். உச்ச அளவும் குறையும். வெறும் வயிற்றில் போடச் சொல்வதற்குக் காரணம் இதுதான். ரத்தத்தில் கலந்த மருந்து நுரையீரல் முதல் மூளையைச் சூழ்ந்த நீர் வரை எங்கும் பரவுகிறது. கல்லீரலில் என்ஏடி-2 என்னும் நொதி அதனுடன் அசிட்டைல் தொகுதி ஒன்றைச் சேர்த்து வீரியத்தைப் போக்குகிறது. இப்படி மாறிய பொருளைச் சிறுநீரகம் வெளியேற்றுகிறது.

இந்த நொதியின் வேகம் மரபணுவால் அமைவது. சிலருக்கு அது விரைந்து வேலை செய்யும். ரத்தத்திலுள்ள ஐசோனியசிட் சுமார் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். சிலருக்கு மெதுவாக வேலை செய்யும். பாதியாக மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். தென்னிந்தியரில் ஏறத்தாழ 60 சதவீதத்தினர் இந்த மெதுவான வகையினர். ஜப்பானியரில் இந்த வகையினர் பத்தில் ஒருவர் அளவே. எனவே டோக்கியோவில் பொருந்திய அளவு மதுரையில் அப்படியே பொருந்தும் என்று முன்கூட்டி முடிவுகட்ட முடியாது; சோதித்துப் பார்த்தாக வேண்டும்.

அந்தச் சோதனை நடந்த இடங்களுள் முதன்மையானது சென்னை சேத்துப்பட்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை சேர்ந்து 1956இல் அங்கே காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் அதற்குத் தலைமை வகித்தார். இன்று அது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். ஒரு நாளுக்குரிய ஐசோனியசிட்டை ஒரே வேளையில் கொடுப்பதா, இரு வேளையாகப் பிரித்துக் கொடுப்பதா என்று அந்த மையம் ஒப்பிட்டுப் பார்த்தது. ஒரே வேளையில் கொடுத்ததே கூடுதல் பலன் தந்தது. நாள் முழுவதும் ரத்தத்தில் சிறிதளவு மருந்து நீடிப்பதைவிட, ஒரு முறை உச்ச அளவை எட்டுவதே முக்கியம் என்பது அதிலிருந்து தெரியவந்தது.

அதே ஆய்வுகள் தீங்கையும் காட்டின. மருந்தளவு கூடியபோது சிலருக்குப் பாதங்களில் எரிச்சலும் மதமதப்பும் தொடங்கின. நரம்பு பாதிக்கப்பட்டதன் அறிகுறி அது. பாதிக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் மருந்தை மெதுவாக மாற்றும் உடல்வாகு கொண்டவர்கள். ஐசோனியசிட் உடலிலுள்ள பி-6 வைட்டமினைக் குறைத்துவிடுகிறது. மருந்து நீண்ட நேரம் தங்கும் உடலில் இழப்பும் அதிகம். பைரிடாக்சின் எனப்படும் அந்த வைட்டமினைத் தினமும் சிறிதளவு சேர்த்துக் கொடுத்தால் இதைத் தடுக்கலாம் என்பது உறுதியானது. காசநோய் மாத்திரைகளோடு ஒரு வைட்டமின் மாத்திரையும் சேர்ந்து வருவதன் பின்னணி இது. மறுபக்கம், வாரம் ஒரு முறை மட்டும் மருந்து தரும் முறை சோதிக்கப்பட்டபோது, மருந்தை விரைவாக மாற்றும் உடல்களில் அது போதவில்லை. வாரம் இரு முறை தந்தபோது இரு வகையினரும் குணமானார்கள். ஒரு நொதியின் வேகம் ஒருவருக்குப் பக்கவிளைவாகவும் இன்னொருவருக்குப் பலனின்மையாகவும் வெளிப்பட்டதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

ஐசோனியசிட் ஓர் எடுத்துக்காட்டுதான். மாரடைப்புக்குப் பின் தரப்படும் குளோபிடோக்ரல், கல்லீரல் நொதி ஒன்று மாற்றிய பிறகே செயல்படத் தொடங்கும். அந்த நொதி குறைவானவர்களுக்குப் பாதுகாப்பும் குறைவு. காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் கல்லீரல் நொதிகளைத் தூண்டிவிடுவதால், கூடவே உட்கொள்ளும், ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரினும் கருத்தடை மாத்திரையும் வலுவிழக்கின்றன. சிறுநீரகம் தளர்ந்த முதியவரிடம் சாதாரண அளவே மிகை அளவாகிவிடும். இத்தகைய நொதி வேறுபாடுகள் தென்னிந்தியரிடையே எப்படி அமைந்துள்ளன என்பதைப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் மருந்தியல் துறை தொடர்ந்து ஆராய்ந்து வந்துள்ளது.

மருந்து பலன் தருகிறதா என்பதை ஓரிருவர் குணமானதை வைத்துச் சொல்ல முடியாது. தானாகவே தேறுகிறவர்கள் உண்டு. நம்பிக்கையால் தெம்படைகிறவர்களும் உண்டு. காசநோய் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் பற்றி 1948இல் பிரிட்டனில் வெளியான ஆய்வு இதற்கு வழிகாட்டியது. புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் வகுத்த முறைப்படி, யாருக்கு மருந்து, யாருக்குப் படுக்கை ஓய்வு மட்டும் என்பது மருத்துவரின் விருப்பத்துக்கு விடப்படாமல் தற்செயல் தேர்வால் முடிவானது. ஆறு மாதத்தில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும், பெறாத 52 பேரில் 14 பேரும் இறந்தனர். அதே ஆய்வு, ஸ்ட்ரெப்டோமைசினைத் தனியாகக் கொடுத்தால் கிருமி அதற்குப் பழகி எதிர்த்து நிற்கும் என்பதையும் காட்டியது. இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்துத் தரும் வழக்கம் அங்கிருந்து வளர்ந்தது.

1959இல் சென்னை மையம் வெளியிட்ட ஆய்வு இதே முறையில் 193 நோயாளிகளை ஒப்பிட்டது. ஒரு பிரிவினர் சானட்டோரியத்தில் நல்ல உணவோடும் ஓய்வோடும் சிகிச்சை பெற்றனர். மற்றவர்கள் நெரிசலான வீடுகளில், குறைந்த உணவோடு, அதே மாத்திரைகளைச் சாப்பிட்டனர். ஓராண்டு முடிவில் இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் தேறினர். வீட்டிலிருந்தவர்களின் குடும்பத்தாருக்கு அதனால் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. இந்த முடிவு நம்பத்தக்கதானதற்கு அதன் கண்காணிப்பும் காரணம். பணியாளர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மீதமுள்ள மருந்தை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்தார்கள். மருத்துவமனைப் படுக்கை கிடைக்காத லட்சக்கணக்கான ஏழைகளுக்கு வீட்டுச் சிகிச்சையின் கதவு திறந்தது இந்தப் பொறுமையான வேலையால்தான்.

பலன் என்று எதைக் கணக்கிடுவது என்பதும் முக்கியம். மாரடைப்புக்குப் பின் இதயத் துடிப்பு தடுமாறுகிறவர்கள் திடீரென இறப்பது அதிகம் என்பதால், துடிப்பைச் சீராக்கும் மருந்துகள் உயிரையும் காக்கும் என்று மருத்துவர்கள் நம்பினர். காஸ்ட் என்ற அமெரிக்க ஆய்வு என்கைனைடு, ஃபிளெகைனைடு ஆகிய இரண்டையும் வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டது. மருந்துகள் துடிப்பைச் சீராக்கியது உண்மை. ஆனால் அவற்றைச் சாப்பிட்ட 755 பேரில் 63 பேரும், வெற்று மாத்திரை சாப்பிட்ட 743 பேரில் 26 பேரும் இறந்தனர். இடர் தெரிந்தவுடன் 1989இல் அந்த மருந்துகள் ஆய்விலிருந்து நிறுத்தப்பட்டன. இசிஜி தாளில் தெரிந்த முன்னேற்றம் நோயாளியின் ஆயுளைக் கூட்டவில்லை, குறைத்தது.

பாதுகாப்பு பற்றிய சட்டங்கள் பெரும்பாலும் மரணங்களுக்குப் பின் எழுதப்பட்டவை. 1937இல் அமெரிக்காவில் சல்ஃபானிலமைடு என்னும் கிருமி எதிர்ப்பு மருந்தைக் குழந்தைகளும் குடிக்கும்படி டைஎத்திலீன் கிளைக்காலில் கரைத்து விற்றார்கள். சிறுநீரகத்தை அழிக்கும் அந்தக் கரைப்பானை யாரும் சோதிக்கவில்லை. நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். விற்பனைக்கு முன் பாதுகாப்பை நிறுவ வேண்டும் என்ற சட்டம் 1938இல் வந்தது. ஆயினும் அந்த நஞ்சு ஓயவில்லை. 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராப் பகுதியில் இருபதுக்கு மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தனர். அவர்கள் குடித்த இருமல் மருந்து காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனையில் அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் இருந்தது தெரிந்தது. அனுமதிக்கப்பட்ட வரம்போ 0.1 சதவீதம். அறியாமல் நேர்ந்தது என்று இதை எவரும் சொல்ல முடியாது. எண்பத்தெட்டு ஆண்டுகளாகத் தெரிந்த ஆபத்து அது. கரைப்பானை ஒவ்வொரு தொகுதியிலும் சோதிக்கும் கடமை கைவிடப்பட்டதன் விளைவு.

தாலிடோமைடு வேறு வகைப் பாடம். 1957இல் ஜெர்மனியில் தூக்க மருந்தாக விற்பனைக்கு வந்த அதைக் கர்ப்பிணிகளும் வாந்திக்காகச் சாப்பிட்டனர். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கை கால் குறைபாடு முதலிய பாதிப்புகளோடு பிறந்ததாகக் கணக்கிடப்படுகிறது. அமெரிக்காவில் அனுமதி கோரிய விண்ணப்பத்தை ஆராய்ந்த டாக்டர் ஃபிரான்சஸ் கெல்சி சான்றுகள் போதாது என்று மீண்டும் மீண்டும் திருப்பி அனுப்பினார். அவருடைய ஐயத்தை வலுப்படுத்தியது, 1960 டிசம்பர் இறுதியில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான ஒரு சிறு கடிதம். தாலிடோமைடை நெடுநாள் சாப்பிட்ட நான்கு நோயாளிகளுக்குக் கை கால் மரத்துப்போனதை லெஸ்லி ஃபிளாரன்ஸ் என்ற பொது மருத்துவர் அதில் எழுதியிருந்தார். நரம்பைப் பாதிக்கும் மருந்து வயிற்றிலுள்ள கருவை என்ன செய்யும் என்று கெல்சி கேட்டார். அதே தாலிடோமைடு இன்று தொழுநோயின் எதிர்வினைக்கும் ஒருவகை எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்க்கும், கர்ப்பம் நேராதபடி கடுமையான கட்டுப்பாட்டோடு தரப்படுகிறது. யாருக்கு, எப்போது, எவ்வளவு என்பதைப் பொறுத்தே ஒரு பொருள் மருந்தாகிறது.

அனுமதிக்கு முந்தைய சோதனைகளுக்கு எல்லை உண்டு. முதல் கட்டத்தில் சில பத்துப் பேர், இரண்டாம் கட்டத்தில் சில நூறு பேர், மூன்றாம் கட்டத்தில் சில ஆயிரம் பேர் பங்கேற்பது வழக்கம். 3,000 பேரில் ஒருவருக்கும் குறிப்பிட்ட பாதிப்பு வராவிட்டாலும், அது ஆயிரத்தில் ஒருவருக்கு வரக்கூடிய வாய்ப்பை அந்தச் சோதனையால் மறுக்க இயலாது. முதியவர்கள், கர்ப்பிணிகள், பல நோய்கள் சேர்ந்தவர்கள் சோதனைகளில் குறைவு. காலமும் குறைவு. மூட்டுவலிக்கு 1999இல் அனுமதி பெற்ற ரோஃபெகாக்சிப், மாரடைப்பையும் பக்கவாதத்தையும் கூட்டுவது ஒரு நீண்ட ஆய்வில் பதினெட்டு மாதங்களுக்குப் பிறகே தெளிவாகி, 2004இல் திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் உலகெங்கும் கோடிக்கணக்கானோர் அதைச் சாப்பிட்டிருந்தனர்.

இந்தியாவில் சோதனைகளைப் பொதுப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிவது 2009 முதல் கட்டாயம். 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவச் சோதனைகள் விதிகள் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலையும், பங்கேற்பவர் விளங்கிக்கொண்டு தரும் இசைவையும் வலியுறுத்துகின்றன. எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் கைநாட்டு வாங்குவது மட்டும் இசைவாகாது. அவருடைய பேச்சு வழக்கில் இடரைச் சொல்லி, மறுத்தாலும் சிகிச்சை தொடரும் என்று உறுதி தந்த பிறகு பெறுவதே இசைவு.

விற்பனைக்கு வந்தபின் கண்காணிக்க 2010இல் இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் தொடங்கியது. காசியாபாத்திலுள்ள இந்திய மருந்தியல் நூல் ஆணையம் அதை ஒருங்கிணைக்கிறது. பக்கவிளைவை மருத்துவர், மருந்தாளுநர், செவிலியர், நோயாளி என யாரும் தெரிவிக்கலாம். கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-180-3024. இந்தத் திட்டத்தின் பலம் முழுவதும் வந்து சேரும் அறிக்கைகளில்தான் இருக்கிறது. வார்டில் பாத எரிச்சல் என்று சொன்ன நோயாளியின் பேச்சை வயதின் கோளாறு என்று தள்ளிவிட்டால், அந்தச் செய்தி அங்கேயே முடிந்துவிடும்.

பட்டம் பெறுவோர் ஒவ்வொருவரும் தம் பணியில் மூன்றைக் கடைப்பிடிக்க வேண்டும். மருந்து எழுதுமுன், தருமுன், நோயாளி சாப்பிடும் மற்ற எல்லா மருந்துகளையும், நாட்டு மருந்து உட்பட, கேட்டறிய வேண்டும். அளவை முடிவுசெய்யும்போது கல்லீரல், சிறுநீரகம், வயது, எடை ஆகியவற்றைக் கருத வேண்டும். எதிர்பாராத விளைவு எது தென்பட்டாலும் அன்றே அறிக்கை அனுப்ப வேண்டும். அது மருந்தால்தான் நேர்ந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பு அனுப்புகிறவருக்கு இல்லை. நியாயமான சந்தேகமே போதும்.