எல்லைக்கு ஒரு விடுமுறை

நாடு முழுவதும் ஒரே மாதிரி கொண்டாடும் தேசிய விடுமுறைகள் மூன்றுதான்: ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. மற்றவை மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

சரி, எல்லையில் இருப்பவர்களுக்கு?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது கொல்லங்கோடு. ரயில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் பொள்ளாச்சி. 1956 நவம்பர் 1 வரை இந்தப் பகுதி சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. மாநிலம் மாறியது, பொங்கல் பானை மாறவில்லை.

அதனால் கேரள அரசு பாலக்காடு, இடுக்கி, வயநாடு, பத்தனம்திட்டா, கொல்லம், திருவனந்தபுரம் ஆகிய ஆறு மாவட்டங்களுக்குப் பொங்கலன்று உள்ளூர் விடுமுறை விடுகிறது. 2022இல் அது ஜனவரி 15 என்று இருந்தது. பொங்கலோ 14ஆம் தேதி! தமிழக முதல்வர் ஸ்டாலின் கேரள முதல்வர் பினராயி விஜயனுக்குக் கடிதம் எழுதினார். விடுமுறையும் 14க்கு மாறியது.

இந்தப் பக்கமும் அப்படித்தான். ஓணத்துக்குக் கோவை, நீலகிரி, கன்னியாகுமரி போன்ற மாவட்டங்களில் உள்ளூர் விடுமுறை உண்டு. அதற்கு ஈடாக வேறொரு சனிக்கிழமை வேலை பார்க்க வேண்டும்.

எல்லையோர வீட்டுப் பையன் ஒருவன் சொன்னானாம்: "ஓணத்துக்கும் லீவு, பொங்கலுக்கும் லீவு, நம்ம வீட்டுக்கு யோகம்தான்!"

அடுப்படியிலிருந்து அம்மா கேட்டாராம்: "ரெண்டுக்கும் சமைக்கிறவளுக்கு எந்த அரசாங்கம்டா லீவு விடும்?"