சுவர்கள் சொல்லும் சாட்சி

(சங்கப் பொதுக்குழுவில் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

இவ்வெள்ளிவிழா ஆண்டில் நம் சங்கம் எடுக்கவிருக்கும் முடிவு ஒன்றைப் பற்றிப் பேசவே நாம் எழுந்து நிற்கிறோம். இரவுப் பள்ளி நடந்த பழைய ஓட்டறையை இடித்துவிட்டு, அவ்விடத்தில் மாடியுடன் கூடிய படிப்பகம் ஒன்றைக் கட்டலாம் என்று செயற்குழு கருதுகிறது. படிப்பகம் வேண்டும், அதில் நமக்கு இரண்டாவது கருத்து இல்லை. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் நம் பிள்ளைகள் ஒரு மேசைக்கும் நாற்காலிக்குமாகச் சேலத்துக்குப் பேருந்தேறிச் செல்வதை நாள்தோறும் காண்கிறோம். ஆனால் அவ்வறையை இடித்துத்தான் அதைக் கட்ட வேண்டுமா என்பதே நம் கேள்வி.

அவ்வறையை அறியாதார் இங்கு எவரும் இலர். மலையடிவாரத்திலிருந்து சுமந்து வந்த கல்லும், காளவாயில் சுட்ட சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய சுவர், மேலே ஓடு, ஒரே வாயில், இரண்டு சன்னல். நம் பாட்டன்மார் பகலெல்லாம் பிறர் நிலத்தில் உழைத்துவிட்டு, மாலையில் கூலியின்றிக் கட்டியது. வடக்குச் சுவரில் ஒரு பகுதியை வழவழப்பாகப் பூசி, கோவை இலையையும் அடுப்புக்கரியையும் அரைத்துத் தேய்த்துக் கரும்பலகையாக்கினார்கள். நாம் 'அ' எழுதப் பழகியது அந்தச் சுவரில்தான். இப்போது ஓடுகள் சரிந்துள்ளன. தென்மேற்கு மூலை விரிந்துவிட்டது. மழைக்காலத்தில் உள்ளே உட்கார முடியாது. இவற்றை நாம் மறைக்கவில்லை.

சென்ற மாதம் இது குறித்துப் பேசிக்கொண்டிருந்தபோது கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டார்: "ஐயா, பழைய கட்டடங்களைக் காப்பதெல்லாம் கோயிலும் கோட்டையும் வைத்திருந்தவர்களின் கவலை. நம்மை உள்ளே விடாத சுவர்களை நாம் ஏன் காக்க வேண்டும்?" கேள்வி நியாயமானது. 1939-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் வைத்தியநாத ஐயர் தலைமையில், கக்கன் உள்ளிட்ட நம்மவர் சிலர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தது பெருஞ்செய்தியாயிற்று என்றால், அதற்கு முன் எத்தனை நூற்றாண்டுகள் நாம் வெளியே நின்றோம் என்பது விளங்கும். எனவே அத்தம்பிக்கு உடனே விடை சொல்லாமல், தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றிச் சொன்னோம். அதை உங்களுக்கும் சொல்கிறோம்.

இராசராசன் 1010-ஆம் ஆண்டில் நிறைவு செய்த அக்கோயிலின் சுவர்களில், கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களின் கணக்கு விரிவாக வெட்டப்பட்டுள்ளது. எந்தெந்த நிலத்துக்கு வரியில்லை என்று சொல்லும் இடத்தில், ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றோடு 'பறைச்சேரி' என்றும் 'தீண்டாச்சேரி' என்றும் சொற்கள் வருகின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம்மைத் தனியே ஒதுக்கிக் குடியமர்த்தியிருந்தார்கள் என்பதற்கு இதைவிட வலிய சான்று எது? தீண்டாமை என்று ஒன்று அக்காலத்தில் இல்லவே இல்லை, எல்லாம் இடையில் வந்தது என்று யாரேனும் மேடையில் பேசினால், அவர்க்கு விடை சொல்ல நம்மிடம் ஓலைச்சுவடி இல்லை, செப்பேடு இல்லை, நம்மை எழுதவிடவில்லை. ஆனால் அவர்களே வெட்டிய கல் இருக்கிறது. அந்தக் கல் நம் வழக்கில் நமக்காக நிற்கும் சாட்சி. அந்தச் சாட்சியின் வாயை அடைப்பது யாருக்கு நன்மை என்று அத்தம்பியையே கேட்டோம்.

வாயை அடைப்பது என்று நாம் சொல்வது உவமைக்காக அன்று. திருப்பணி என்ற பெயரில் தமிழ்நாட்டில் பல கோயில்களில் நடந்தது அதுதான். கற்சுவரில் படிந்த சுண்ணாம்பையும் எண்ணெய்ப் பிசுக்கையும் போக்குவதற்கு, காற்றை அழுத்தும் எந்திரத்தின் துணையால் மணலைப் பீய்ச்சியடித்தார்கள். அழுக்கோடு கல்லின் மேற்றோலும் சேர்ந்து உதிர்ந்தது. கல்வெட்டு எழுத்து எவ்வளவு ஆழம் என்று விரலை வைத்துப் பார்த்தவர்க்குத் தெரியும். மேற்றோல் போனால் எழுத்தும் போயிற்று. சில இடங்களில் கல்வெட்டின்மேல் வண்ணம் பூசினார்கள். சில இடங்களில் பழைய கற்களைப் பிரித்து வரிசை மாற்றி அடுக்கினார்கள். 2015-இல் ஆங்கில நாளேடு ஒன்றில் வந்த வாசகர் கடிதத்தைக் கண்டு, சென்னை உயர் நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. 2021 சூன் 7-ஆம் நாள் அளித்த தீர்ப்பில், கோயில்களையும் தொன்மைச் சின்னங்களையும் காப்பது பற்றி 75 கட்டளைகளைப் பிறப்பித்தது. ஒரு கடிதத்துக்கு அத்துணை வலிமை இருந்தது என்பதைக் கடிதம் எழுதத் தயங்கும் நம் இளைஞர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

தஞ்சை தொலைவு என்பீர்கள். சேலத்துக்கே வாருங்கள். பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் என்று வழிபடப்பட்டு வந்த கற்சிலையைப் பற்றி 2011-இல் வழக்குத் தொடரப்பட்டது. தொல்லியல் வல்லுநர்கள் நேரில் ஆராய்ந்தார்கள். தாமரைப் பீடத்தில் அமர்ந்த நிலை, மடிமீது வைத்த கைகளின் தியான முத்திரை, சுருள்முடி, நீண்ட காது: இவையெல்லாம் புத்தருக்குரியவை என்று அறிக்கை தந்தார்கள். அதை ஏற்று 2022 சூலையில் உயர் நீதிமன்றம் அது புத்தர் சிலையே என்று கூறியது. அங்கு வழிபட்டு வந்தோரின் பக்தியை நாம் சிறிதும் குறைகூறவில்லை; அவர்கள் வணங்கியதால்தான் சிலை அங்கேயே இருந்தது என்றும் சொல்லலாம். நாம் சுட்டிக்காட்ட விரும்புவது வேறு. துண்டிக்கப்பட்ட தலையைச் சிமெண்டும் சுண்ணாம்பும் கலந்து முறையின்றி உடலோடு ஒட்டியிருந்தார்கள். நல்லெண்ணத்தோடு செய்த பழுதுபார்ப்புத்தான். அறியாமல் செய்யும் பழுதுபார்ப்பு, பகைவன் செய்த அழிவின் மேல் இன்னொரு பூச்சாக அமைந்துவிடுகிறது.

வெறுமனே இடித்த கதையும் உண்டு. நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் இருந்ததை வரலாற்று மாணவர்கள் அறிவார்கள். கடல் கடந்த சீவிசய அரசன் எழுப்ப, இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரை அதற்கு விட்டான். பிற்காலத்தில் அங்கு மூன்று நிலைச் செங்கற்கோபுரம் ஒன்று எஞ்சியிருந்தது. கடலில் வரும் மாலுமிகளுக்கு அது அடையாளம். 1846-இல் வால்டர் எலியட் அதை நேரில் கண்டு குறிப்பெழுதினார். 1856-இல் அருகே மரம் ஒன்றை வெட்டியபோது புத்தர் படிமங்கள் வெளிப்பட்டன. அதன் பின்னும் கிடைத்தவற்றைச் சேர்த்தால் ஏறத்தாழ 350 ஆகும். இவ்வளவும் தெரிந்த பின்னரே, பக்கத்தில் கல்லூரி நடத்திய பாதிரிமார் வேண்டிக்கொள்ள, அரசு இசைவளிக்க, 1867-இல் அக்கோபுரம் தரைமட்டமாயிற்று. கல்விக்காகத்தானே இடித்தார்கள் என்று அமைதி கொள்ளலாமா? அக்கல்லூரி 1883-இல் திருச்சிராப்பள்ளிக்கே இடம் மாறிவிட்டது. கோபுரமும் இல்லை, கல்லூரியும் இல்லை என்ற நிலை நாகைக்கு வாய்த்தது. அயோத்திதாச பண்டிதர் 1898-இல் பௌத்த சங்கம் கண்டபோது, தமிழ் மண்ணில் பௌத்தம் தழைத்திருந்தது என்று கைகாட்ட அக்கோபுரம் நின்றிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நாம் பலமுறை எண்ணியதுண்டு.

அப்படியானால் வளர்ச்சியே வேண்டாவா என்று கேட்பீர்கள். ஆந்திரத்தில் நாகார்சுனசாகர் அணை கட்டியபோது, நாகார்சுனகொண்டாவின் பௌத்தச் சின்னங்கள் நீரில் மூழ்கும் நிலை வந்தது. அணையை நிறுத்தவில்லை, சின்னங்களையும் கைவிடவில்லை. 1954 முதல் 1960 வரை அப்பள்ளத்தாக்கை அகழ்ந்து அளந்து வரைந்து, முக்கியமானவற்றைப் பெயர்த்து மேட்டு நிலத்தில் மீண்டும் அமைத்தார்கள். இன்று தீவாகிவிட்ட குன்றின்மேல் அருங்காட்சியகம் இருக்கிறது. உழவனுக்குத் தண்ணீரும் கிடைத்தது. நேரமும் திட்டமும் ஒதுக்கினால் இரண்டும் கூடும்.

நம் தலைக்குமேல் நிற்கும் மலையையே பாருங்கள். சேர்வராயன் மலையில் புதிய கற்கால மனிதன் தேய்த்து மெருகேற்றிய கற்கோடரிகள் கிடைத்துள்ளன. அவற்றிற் சிலவற்றை மலைவாழ் மக்கள் தெய்வத்தின் முன் வைத்து வணங்கிக் காத்தார்கள். 1820-களில் சேலம் ஆட்சியராயிருந்த காக்பர்ன் ஏற்காட்டில் காப்பியைக் கொண்டுவந்தார் என்று எல்லா வழிகாட்டி நூல்களும் சொல்கின்றன. துரைமார் கட்டிய பங்களாக்களையும் மாதாகோயில்களையும் காட்டுகின்றன. காப்பிச் செடிக்குக் குழி தோண்டியவர்கள் தங்கிய லைன் வீடுகளை எந்த நூலும் காட்டக் காணோம். நாமே நம்முடையதைக் காக்காவிட்டால் வேறு யாரும் காக்கப்போவதில்லை என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டியதில்லை.

சட்டம் காக்காதா? நடுவணரசின் 1958-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. 2010-இல் செய்த திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக்கட்டடம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்ட வேண்டும். மாநில அரசுக்கும் 1966-இல் இயற்றிய சட்டம் உண்டு. ஆனால் நம் ஓட்டறை எந்தப் பட்டியலிலும் இல்லை. அதற்குச் சட்டம் இந்தப் பொதுக்குழுவின் தீர்மானப் புத்தகம்தான்.

இனி, பழுதுபார்ப்பது எப்படி? இதில் நாம் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். முன்பு நாம் பணியாற்றிய பள்ளி ஒன்றில், நம்முடையதைப் போன்ற கல்சுவர்க் கட்டடம் ஒன்று இருந்தது. சுவர் அழுக்காக இருக்கிறதே என்று, வேலைக்கு வந்தவர் சொன்னதை நம்பி, உள்ளும் புறமும் சிமெண்டுப் பூச்சுக்கு நாமே ஒப்புதல் தந்தோம். புதுச் சட்டை போட்டதுபோல் இருந்தது. இரண்டு மழைக்காலம் கழிந்தது. சுவரின் அடியில் ஈரம் ஏறி, வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்து, பூச்சு பாளம் பாளமாக விழுந்தது. விழும்போது உள்ளிருந்த பழைய சுண்ணாம்பையும் பெயர்த்துக்கொண்டு விழுந்தது. பின்னர் விவரமறிந்த கொத்தனார் ஒருவர் காரணம் சொன்னார். சுண்ணாம்புச் சுவர் மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், வெயிலில் வெளியே விடும். அது மூச்சு விடுவதைப் போன்றது. சிமெண்டு அந்த மூச்சை அடைத்துவிடுகிறது. உள்ளே தங்கிய நீர் காயும்போது அதிலுள்ள உப்பு மணிகளாகி, கல்லையும் காரையையும் உள்ளிருந்தே நொறுக்குகிறது. பி.ஏ., பி.எட். படித்த நமக்கு இது தெரிந்திருக்கவில்லை என்பதில் இன்றும் வெட்கமுண்டு.

ஆகையால் நம் அறைக்குச் சுண்ணாம்புதான் மருந்து. சுட்ட சுண்ணாம்பைக் குழியில் நீரூற்றித் தாளித்து, சில வாரங்கள் ஊறவைத்து, ஒரு பங்குக்கு இரண்டு அல்லது மூன்று பங்கு மணல் சேர்த்து அரைக்க வேண்டும். கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்ப்பது பழைய வழக்கம். சிமெண்டைப்போல் மறுநாளே இறுகாது. காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உட்கொண்டு மீண்டும் கல்லாகும். பொறுமை வேண்டும். விரிந்த மூலையை முட்டுக் கொடுத்துப் பிரித்து, அதே கற்களைக் கொண்டே கட்டலாம். ஓடுகளை இறக்கி, நல்லவற்றைக் கழுவி மீண்டும் வேய்ந்து, குறைவதற்கு மட்டும் புதியன வாங்கலாம். புதிதாகச் சேர்ப்பது புதிது என்று தெரியும்படி இருக்கட்டும். இல்லாத பழமையை நாம் புனைய வேண்டியதில்லை. கரும்பலகைச் சுவரை மட்டும் எவரும் தொட வேண்டா.

படிப்பகத்தை வடபுறத்துக் காலிமனையில் கட்டலாம். அங்கு இடம் குறுகல். பிள்ளைகள் கபடி ஆடும் களம் போய்விடும். இதை நாம் மறைக்கவில்லை. இளைஞர்கள் நம்மீது சினங்கொள்ளவும் உரிமையுண்டு. சுண்ணாம்பு வேலை தெரிந்த கைகள் அருகிவிட்டதால் கூலியும் கூடும். எனினும் நம் ஊரில் இன்றும் உயிரோடிருக்கும் மூதாட்டி ஒருவர், சிறுமியாயிருந்தபோது அவ்வறைக்குக் காரை இடித்தவர், இடிக்கப்போகும் செய்தி கேட்டு நம்மிடம் வந்து, "ஏன் தம்பி, நாங்க கட்டுனது அவ்வளவு கேவலமாவா போச்சு?" என்று கேட்டார். நாம் விடை சொல்ல முடியாமல் நின்றோம். பொதுக்குழுதான் அவருக்கு விடை சொல்ல வேண்டும்.

தீர்மானம் எதுவாயினும், ஒரு செங்கல்லைத் தொடுமுன் சில செய்து முடிக்கப்பட வேண்டும். பத்தாம் வகுப்பு மாணவர்கள் அளவுநாடா பிடித்து அறையின் வரைபடம் வரையட்டும். நான்கு பக்கமும் நிழற்படம் எடுக்கட்டும். கட்டியவர்களின் பெயர்களை மூத்தோரிடம் கேட்டு எழுதட்டும். அடித்தளம் தோண்டும்போது பழம்பொருள் ஏதேனும் கிடைத்தால் மறைக்காமல் வட்டாட்சியர் வழியாக மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் அப்படித்தான் சொல்கிறது.

பழுதுபார்ப்பதென்று முடிவானால், சுண்ணாம்பு ஊற நாள் வேண்டுமாதலால், மழைக்கு முன்பே குழி வெட்டியாக வேண்டும். வேப்பமரத்துக்குக் கிழக்கே இடம் பார்த்து வைத்திருக்கிறோம். முதல் வண்டிச் சுண்ணாம்பின் விலையை நாம் தருகிறோம். மண்வெட்டியோடு வர இசைவுள்ளோர் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுக்கும்படி வேண்டி அமர்கிறோம்.