வௌவால் மனிதனும் கெலுவாங் மேனும்



பினாங்கு, பேராக் பக்கம் யாராவது கொஞ்சம் ஏறுக்கு மாறாகப் பேசினால், "என்ன, தஞ்சோங் ரம்புத்தானிலிருந்து வருகிறாயா?" என்று கேட்பார்கள். ஜொகூர்க்காரர்களுக்கு அது தம்போய். தமிழ்ப் படங்களில் கீழ்ப்பாக்கம். அங்கே மனநல மருத்துவமனை இருக்கிறது என்று யாரும் விளக்குவதில்லை. ஊர்ப் பெயரைச் சொன்னதுமே சிரிப்பு வந்துவிடும். (நோயாளிகளை வைத்து இப்படிச் சிரிப்பது சரியா என்பது வேறு கேள்வி, கேட்கப்பட வேண்டிய கேள்விதான்.)

1998-இல் ஆர்.டி.எம். முதல் அலைவரிசையில் வந்த 'கெலுவாங் மேன்' கார்ட்டூன் தொடர் இந்தச் சிரிப்பின் மேல்தான் நின்றது. கதாநாயகன் போர்ஹான், தம்போய் மனநல மருத்துவமனை நோயாளி. இரவில் நழுவிப் போய் முகமூடி மாட்டிக்கொண்டு திருடர்களைப் பிடிப்பான். 'பேட்மேன்' கதையின் நையாண்டி என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அந்த நையாண்டி எவ்வளவு நுணுக்கமானது என்பதைப் பார்க்க வேண்டும். பேட்மேன் பெரும் பணக்காரன். அவன் பிடித்துக் கொடுக்கும் வில்லன்கள்தாம் 'ஆர்க்கம்' மனநலக் காப்பகத்தில் அடைபடுவார்கள். இங்கே காப்பகத்தில் இருப்பவனே கதாநாயகன்! முகமூடி போட்டுக்கொண்டு ராத்திரியில் கூரை தாவுகிறவனுக்குப் புத்தி சரியாக இருக்குமா என்று அமெரிக்கக் கதை தயங்கித் தயங்கிக் கேட்டதை நம்மூர்க் கார்ட்டூன் பட்டென்று போட்டு உடைத்துவிட்டது.

பெயர்களையும் கவனியுங்கள். 'கெலுவாங்' என்றால் பழந்தின்னி வௌவால். ஜொகூரில் அதே பெயரில் ஓர் ஊரும் உண்டு. பேட்மேனின் துணைவன் 'ராபின்', ஒரு பறவையின் பெயர். போர்ஹானின் துணைவன் 'தியோங் மேன்', அதாவது மைனா மனிதன். வெள்ளைக்காரன் குருவிக்குப் பதில் நம் வீட்டுக் கூண்டு மைனா. இது மொழிபெயர்ப்பல்ல, ஊர்பெயர்ப்பு!

இந்தச் சிரிப்பு திடீரென்று முளைத்ததல்ல. 1978-இல் தொடங்கிய 'கிலா-கிலா' நகைச்சுவை இதழ் ஒரு தலைமுறைக் கேலிச்சித்திரக்காரர்களை வளர்த்தது. அந்த மரபில் வந்த ஓவியர் உஜாங்கின் 'உசோப் சொந்தோரியான்' 1995-இல் தொலைக்காட்சிக்கு வந்தது. லாட்டின் 'கம்போங் பாய்' தொடர் 1999-இல் பிரான்சின் அனெசி விழாவில் பரிசு வாங்கியது. கெலுவாங் மேன் 2005 வரை ஓடி, 2025-இல் நிஜ நடிகர்களோடு திரைப்படமாகவும் வந்துவிட்டான்.

தமிழில் இப்படி உண்டா? உண்டு, ஆனால் கார்ட்டூனாக அல்ல. 2006-இல் வந்த 'இம்சை அரசன் 23-ஆம் புலிகேசி'யை நினைத்துப் பாருங்கள். இயக்குநர் சிம்புதேவன், ஆனந்த விகடனில் கேலிச்சித்திரம் வரைந்தவர். பழைய ராஜா ராணிப் படங்களின் இரட்டை வேடக் கதையையே எடுத்துக் கவிழ்த்துப் போட்டார். அதில் வரும் 'அக்கா மாலா', 'கப்சி' பானங்களுக்கு விளக்கவுரை தேவைப்பட்டதா? செபராங் ஜெயா அடுக்குமாடி வீட்டுப் பிள்ளையும் உடனே சிரித்தது. ஒரு கார்ட்டூன்காரர் மனத்தில் வரைந்த கோட்டை வடிவேலு உடம்பால் வரைந்து காட்டினார் என்றே சொல்லலாம்.

இனி, நம்மை வைத்துச் சிரிக்கும் கார்ட்டூன்களுக்கு வருவோம். 1989-இல் தொடராகத் தொடங்கிய அமெரிக்காவின் 'சிம்ப்சன்ஸ்' நையாண்டிக்குப் பேர் போனது. அதில் மளிகைக் கடை நடத்தும் இந்தியர் அப்பு. அந்தப் பெயரே சத்யஜித் ராயின் 'அப்பு' படங்களிலிருந்து வந்தது. படித்தவர்கள் செய்த கேலிதான். ஆனால் ராயின் படம் எத்தனை பேருக்குத் தெரியும்? பார்த்தவர்கள் பிடித்துக்கொண்டது உச்சரிப்பை மட்டுமே. அந்தக் குரலைக் கொடுத்தவர் இந்தியரும் அல்லர். ஹாங்க் அசாரியா என்ற அமெரிக்க நடிகர். பள்ளியில் அந்தக் குரலாலேயே சீண்டப்பட்ட பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களானார்கள். நகைச்சுவைக் கலைஞர் ஹரி கொண்டபோலு 2017-இல் இதையே ஓர் ஆவணப்படமாக்கினார். 2020-இல் அசாரியா அந்தக் குரலைக் கைவிட்டார்.

நம் 'உப்பின் இப்பின்' தொடரிலும் ஒரு கடைக்காரர் இருக்கிறார், முத்து அங்கிள். 2007 நோன்பு மாதத்தில் தொடங்கிய தொடர் அது. முத்துவும் "ஐயோயோ" என்கிறார், அவர் பேச்சிலும் ஓர் இழுவை இருக்கிறது. அப்புவோடு சேர்த்து அவரையும் கண்டிக்கலாமா? அவசரப்படக் கூடாது. கம்போங் டுரியான் ருந்தோவில் எல்லாருக்குமே ஓர் இழுவை உண்டு. ஜர்ஜிட் பந்துன் பாடியே பேசுவான், அஹ் தோங் அங்கிளின் குரல் ஏறி இறங்கும். கேலி சமமாகப் பரிமாறப்படுகிறது. முத்து அந்தக் கம்பத்துக்காரர். பிள்ளைகள் சாப்பிட வந்து உட்காருவது அவர் கடையில்தான்.

ஆனால் கணக்கில் ஒரு குறை இருக்கத்தான் செய்கிறது. உப்பின் இப்பினின் ஜப்பானிய ஆசை, 2014-இல் சுபுராயா நிறுவனத்தோடு சேர்ந்து 'அல்ட்ராமேன் ரிபுட்' என்ற சொந்த வீரனையே அவர்களுக்குக் கொண்டுவந்தது. முத்துவிடம் உச்சரிப்பு இருக்கிறது, நினைவுகள் குறைவு. அவர் மகன் ராஜு எந்த ரஜினி படத்தைப் பார்த்துவிட்டு முடியைக் கோதுகிறான்? இதையெல்லாம் எழுத, அந்த நினைவுகளோடு வளர்ந்த ஒருவர் எழுதும் மேசையில் இருக்க வேண்டும். கதையும் படமும் படிக்கும் தமிழ் மாணவர்கள் நம் கல்லூரிகளில் இல்லாமல் இல்லை.

அப்படி ஒருவர் எழுதினால், முத்து அங்கிள் கடையில் ஒரு நாள் யாராவது "அக்கா மாலா இருக்கா?" என்று கேட்கலாம். மெய் மெய்க்கு ஒன்றும் புரியாது. ராஜுதான் விளக்க வேண்டியிருக்கும்.