தாய்மார் சொன்னதும் மரபணு சொன்னதும்

வெவ்வேறு நாடுகளிலிருந்து, சிலர் வேலை முடிந்தும் சிலர் வேலைக்குப் புறப்படும் முன்பும், இந்த நேரலையில் இணைந்திருக்கிறீர்கள். இன்று ஓர் எண்ணைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அந்த எண் 24.

அமெரிக்கக் கறுப்பின மக்கள் 5,000க்கும் மேற்பட்டோரின் மரபணுக்களை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2015இல் வெளிவந்தது. அவர்களுடைய மரபணுவில் சராசரியாக 73 சதவீதம் ஆப்பிரிக்க வழியிலும் 24 சதவீதம் ஐரோப்பிய வழியிலும் வந்திருந்தது. அமெரிக்கப் பழங்குடிகளின் பங்கு 1 சதவீதத்துக்கும் குறைவு. இது சராசரிதான், ஆளுக்கு ஆள் பெரிதும் மாறும்.

கலப்பு என்றதும் இரண்டு மக்கள் கலந்து வாழ்ந்து, மணமுடித்து, பிள்ளை பெற்றதாக நினைக்கத் தோன்றும். அப்படித்தானா என்று மரபணுவிடமே கேட்கலாம். பெண்ணுக்கு எக்ஸ் குரோமோசோம் இரண்டு, ஆணுக்கு ஒன்று. ஐரோப்பிய ஆண்களும் பெண்களும் சம அளவில் மூதாதையராக இருந்திருந்தால், எக்ஸ் குரோமோசோமிலும் மற்றவற்றிலும் ஐரோப்பியப் பங்கு ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். ஆனால் எக்ஸில் அது குறைவாக இருந்தது. ஆய்வாளர்கள் போட்ட கணக்குப்படி, மூதாதையரில் ஐரோப்பிய ஆண்கள் ஏறத்தாழ 19 சதவீதம். ஐரோப்பியப் பெண்கள் 5 சதவீதம்.

ஏன் இப்படி? விடை சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. ஆங்கிலேயர் வழக்கப்படி பிள்ளை தகப்பனைச் சேரும். 1662இல் வர்ஜீனியா அதைத் தலைகீழாக்கியது. பிறக்கும் பிள்ளை அடிமையா, சுதந்திரமானதா என்பதைத் தாயின் நிலையே முடிவு செய்யும் என்றது. அடிமைப் பெண்ணிடம் எஜமான் பெற்ற பிள்ளை அவனுக்கு வாரிசு ஆகாது. அவனுடைய சொத்துக் கணக்கில் ஒரு தலை கூடும், அவ்வளவுதான். மறுக்க உரிமை இல்லாதவளிடம் சம்மதம் இருந்ததா என்று கேட்பதில் அர்த்தமில்லை.

1850, 1860 கணக்கெடுப்புகளின் அடிமைப் பட்டியல்களில் எஜமானின் பெயர் இருக்கும். அடிமைகளுக்கு வயது, பாலினம், நிறம் மட்டும்; பெரும்பாலும் பெயர் இல்லை. நிறம் என்ற இடத்தில் கறுப்பா, கலப்பா என்று குறித்தார்கள். கலப்பு என்று அரசாங்கமே எழுதிவைத்தது. தகப்பன் யார் என்று எழுதவில்லை.

ஆனால் இதையெல்லாம் சொன்னவர்கள் இருந்தார்கள். அடிமைத்தனத்திலிருந்து தப்பிய ஹாரியட் ஜேக்கப்ஸ், எஜமான் தன்னைத் துரத்திய கதையை 1861இல் புனைபெயரில் எழுதினார். அது கற்பனை நாவல் என்று ஆய்வாளர்கள் வெகுகாலம் ஒதுக்கினார்கள். 1980களில்தான் ஜீன் ஃபேகன் யெலின் கடிதங்களையும் ஆவணங்களையும் தேடி எடுத்து, அது ஜேக்கப்ஸின் சொந்த வாழ்க்கையே என்று நிறுவினார்.

மேடிசன் ஹெமிங்ஸ் 1873இல் ஓஹாயோ பத்திரிகை ஒன்றில் தன் கதையைச் சொன்னார். தாய் சாலி ஹெமிங்ஸ் என்ற அடிமைப் பெண். தகப்பன் ஜனாதிபதி தாமஸ் ஜெஃபர்சன். பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் ஏற்கவில்லை. 1998இல் மேடிசனின் தம்பி எஸ்டன் வழிவந்த ஓர் ஆணின் ஒய் குரோமோசோமும் ஜெஃபர்சன் குடும்பத்து ஆண்களின் ஒய் குரோமோசோமும் ஒத்துப்போயின. பழைய ஆவணங்களையும் சேர்த்துப் பார்த்த ஜெஃபர்சன் அறக்கட்டளை 2000இல் அதை ஏற்றது. ஒரு மகனின் சொல்லுக்கு மதிப்பு வர 125 ஆண்டுகளும் ஒரு பரிசோதனைக் கூடமும் தேவைப்பட்டன.

நான் ஒரு செவிலியர். வலியைப் பற்றி எங்களுக்குச் சொல்லித்தரும் முதல் பாடம், நோயாளி வலிக்கிறது என்றால் வலிக்கிறது என்பதுதான். ஸ்கேன் வரட்டும், பிறகு நம்புகிறேன் என்று நாங்கள் காத்திருப்பதில்லை. இலக்கியம் வாசிக்கிறவர்களுக்கும் அந்தப் பாடம் பொருந்தும்.

இந்தக் கதைக்கு ஒரு மருத்துவப் பக்கமும் உண்டு. கலப்பை உண்டாக்கிய அதே சமூகம், பிறகு கலப்பே இல்லை என்று சாதித்தது. ஒரு துளி ஆப்பிரிக்க இரத்தம் இருந்தாலும் வெள்ளையர் அல்ல என்ற எண்ணத்தை வர்ஜீனியா 1924இல் சட்டமாக்கியது. அந்த ஒற்றைக் கட்டம் மருத்துவமனைப் படிவத்துக்கும் வந்தது. சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை இரத்தத்திலுள்ள கிரியேட்டினினை வைத்துக் கணக்கிடுவோம். 2009இல் வந்த சூத்திரம், நோயாளி கறுப்பினத்தவர் என்றால் விடையை 1.159 ஆல் பெருக்கச் சொன்னது. ஆப்பிரிக்க வழி முக்கால் பங்கா, பாதியா என்று அது கேட்கவில்லை. மற்றவருக்கு 18 என்று வரும் இடத்தில் இவருக்கு 21 வரும். அமெரிக்காவில் மாற்றுச் சிறுநீரகத்துக்கான காத்திருப்புக் காலம் 20 அல்லது அதற்குக் கீழே போனால்தான் தொடங்கும். ஒருவர் வரிசையில் நிற்கிறார். மற்றவர் வாசலுக்கு வெளியே நிற்கிறார். 2021இல் அந்தப் பெருக்கலை நீக்கிப் புதிய சூத்திரம் வந்தது. 2023 முதல், இழந்த காத்திருப்புக் காலம் ஆயிரக்கணக்கானோருக்குத் திருப்பித் தரப்பட்டது. அதற்குள் இறந்தவர்களுக்கு அது உதவாது.

ஆகவே 24 என்ற எண்ணைக் கொண்டு இன்னொரு கட்டம் வரையாதிருப்போம். யாருடைய இரத்தம் எவ்வளவு தூய்மை என்று அளக்க அது உதவாது. பெயரில்லாத பட்டியலில் இருந்த ஒரு பெண்ணுக்கு என்ன நடந்தது என்பதற்கு அது சாட்சி.

மத்தேயு நற்செய்தி ஒரு வம்ச வரலாற்றோடு தொடங்குகிறது. தகப்பன் பெயர்களாகவே ஓடும் அந்தப் பட்டியலில் தாமார், ராகாப், ரூத் என்று பெண்களின் பெயர்களும் வருகின்றன. அவர்களுக்கு அடுத்து வருகிறவளின் பெயர் மட்டும் இல்லை. உரியாவின் மனைவி என்றே இருக்கிறது. அவளை அழைத்துவர ஆள் அனுப்பியவன் அரசன். அவள் வர மறுத்திருக்க முடியுமா என்று நான் சிறுவயதில் யோசித்ததில்லை. இப்போது அந்த வசனத்தில் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன். நீங்களும் ஜேக்கப்ஸின் புத்தகத்தைத் தேடி வாசியுங்கள்.