சைனிக் பள்ளி நுழைவுத் தேர்வு: இப்போதே திட்டமிடுவோம்

(பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



திருப்பூர் மாவட்டம் உடுமலைப்பேட்டை அருகே அமராவதிநகரில் 1962 முதல் சைனிக் பள்ளி இயங்குகிறது. ஆறாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் நுழைவுத் தேர்வு மூலம் பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள். "நம்ம பிள்ளை தமிழ் மீடியமாச்சே, சரிவருமா?" என்று பலரும் கேட்கிறீர்கள். ஆறாம் வகுப்புத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். ஒன்பதாம் வகுப்புத் தேர்வுதான் ஆங்கிலத்தில் மட்டும். அதனால் தமிழ்வழிப் பிள்ளைக்கு நல்ல வாய்ப்பு ஆறாம் வகுப்புத் தேர்வுதான்.

முதலில் வயதைப் பாருங்கள். சேரும் ஆண்டின் மார்ச் 31 அன்று பிள்ளைக்கு 10 முதல் 12 வயது இருக்க வேண்டும். பெண் பிள்ளைகளும் எழுதலாம்.

அடுத்து மதிப்பெண் கணக்கு. மொத்தம் 300. கணக்கு மட்டும் 150; மொழி, நுண்ணறிவு, பொது அறிவு தலா 50. பாதி மதிப்பெண் கணக்குக்கு என்பதால் பலரும் அதை மட்டுமே பிடித்துக்கொள்கிறார்கள். அங்கேதான் சறுக்கல். ஒவ்வொரு பாடத்திலும் 25 சதவீதம், மொத்தத்தில் 40 சதவீதம் வேண்டும். எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு மட்டும் இந்தக் குறைந்தபட்ச வரம்பு கிடையாது. கணக்கில் 129 வாங்கிய பிள்ளை பொது அறிவில் 12 வாங்கினால் தகுதி இல்லை. ஆகவே திட்டத்தைப் பிள்ளைக்கு வராத பாடத்திலிருந்து தொடங்குங்கள்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அடிப்படை. லாப நட்டம், விகிதம், தனிவட்டி எல்லாம் தேர்வில் வரும். இவை ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தைத் தாண்டியவை. 6, 7-ம் வகுப்பு அரசுப் பாடநூல்களில் பாருங்கள். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. நுண்ணறிவுக்கு தினம் பத்துப் புதிர். பொது அறிவுக்கு நாளிதழை வீட்டில் சத்தமாக வாசித்தாலே பாதி வேலை முடிந்தது. தினம் ஒரு மணி நேரம் போதும். ஞாயிறு மாலை விளையாட்டுக்கு.

செப்டம்பரிலிருந்து நேரம் வைத்துப் பயிற்சி. 125 கேள்விகளுக்கு 150 நிமிடம், அதாவது ஒரு கேள்விக்கு 72 விநாடி. தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். எதையும் விடாமல் எழுதச் சொல்லுங்கள். ஓ.எம்.ஆர். தாளில் வட்டம் நிரப்புவதையும் பழக்குங்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு அது புதுசு.

அதே நேரம் பெற்றோர் செய்ய வேண்டிய வேலை சான்றிதழ்கள். இருப்பிடச் சான்றுக்கும் சாதிச் சான்றுக்கும் இ-சேவை மையத்தில் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். 67 சதவீத இடங்கள் பள்ளி உள்ள மாநிலத்துப் பிள்ளைகளுக்கு என்பதால் இருப்பிடச் சான்று முக்கியம். பி.சி., எம்.பி.சி. பிரிவினர் கவனிக்க: மாநில சாதிச் சான்று மட்டும் போதாது, மத்திய அரசுப் படிவத்திலான ஓ.பி.சி. சான்று தனியாக வேண்டும். தேர்வு அறிவிப்பு வழக்கமாக ஆண்டின் கடைசி மாதங்களில் வரும். தேர்வுத் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். தேசியத் தேர்வு முகமையின் இணையதளத்தில் மட்டுமே உறுதிசெய்யுங்கள். வாட்ஸ்அப் தகவலை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

கடைசியாக ஒன்று. இது விடுதிப் பள்ளி. பதினோரு வயதில் அம்மா அப்பாவை விட்டு இருக்கப்போவது பிள்ளை. "உனக்குப் போக விருப்பமா?" என்று விண்ணப்பிக்கும் முன்பே கேளுங்க. வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். இடம் கிடைக்காவிட்டாலும் உழைப்பு வீண் போகாது. இதே கணக்கும் நுண்ணறிவும் எட்டாம் வகுப்பில் எழுதும் என்.எம்.எம்.எஸ். தேர்வுக்குக் கைகொடுக்கும். அதில் தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை. அதையும் பிள்ளையிடம் இப்பவே சொல்லி வையுங்க. ஒரே தேர்வில் எல்லாம் முடிந்துவிடாது என்று அதற்குத் தெரிய வேண்டும்.