கடலின் வற்றுப்பெருக்கும் ஆழிப்பேரலையும்



2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் பூரணை தினமாகும். அன்று காலை ஆழிப்பேரலை நமது கரையோரங்களைத் தாக்கி, 30,000க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டு சென்றது. பூரணையன்று கடல் மிகுதியாகப் பெருகுவது இயல்பு. ஆதலால் அவ்வழிவுக்கும் சந்திரனே காரணமோ என்ற ஐயம் எழலாம். ஆங்கிலேயருங்கூட நெடுங்காலமாக இப்பேரலையை வற்றுப்பெருக்கின் பெயராலேயே வழங்கி வந்தனர். ஆயினும், இவை இரண்டும் முற்றிலும் வேறானவை.

வற்றுப்பெருக்கு, சந்திரனும் சூரியனும் கடல்நீரை ஈர்ப்பதால் உண்டாவது. நமது கரைகளில் நீர் பெரும்பாலும் நாளொன்றுக்கு இருமுறை ஏறி, இருமுறை இறங்கும். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் செல்லும். பூரணையிலும் அமாவாசையிலும் சந்திர சூரியரின் ஈர்ப்புகள் ஒன்றுசேர்வதால் ஏற்றம் மிகும். அப்பொழுதும் இலங்கைக் கரையில் நீர்மட்ட வேறுபாடு ஒரு மீற்றரை எட்டுவதில்லை. இதன் நேரத்தை முன்னரே கணித்து அட்டவணையிடலாம்.

ஆழிப்பேரலைக்கு அத்தகைய அட்டவணை இல்லை. அன்று சுமாத்திராவுக்கு மேற்கே நிகழ்ந்த பூமியதிர்ச்சியால் கடலடித்தளம் பெயர்ந்தது. அதன் மேலிருந்த நீர்த்திரள் முழுவதும் அசைந்து அலையாகப் புறப்பட்டது. 4,000 மீற்றர் ஆழமுள்ள கடலில் அத்தகைய அலை மணிக்கு ஏறத்தாழ 700 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும். ஆங்கே அதன் உயரம் சிறிதாகையால் கப்பலில் உள்ளோர் அதனை உணரார். கரையை அணுகி ஆழம் குறையக் குறைய, வேகம் தளர்ந்து உயரம் ஓங்கும். ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் அது நமது கிழக்குக் கரையை அடைந்தது.

இவ்வேறுபாட்டை அறிவதால் விளையும் பயன் உயிர்காப்பே. வற்றின்போது கடல் ஏறத்தாழ ஆறு மணி நேரமாக மெல்ல மெல்ல இறங்கும். பேரலையின்போதோ சில நிமிடங்களிலேயே வெகுதூரம் பின்வாங்கலாம். அன்று களுத்துறையில் கடலின் அடித்தரை வெளிப்பட்டதைச் செய்மதிப் படங்கள் காட்டின. அதனை வற்றென்று கருதி மீன் பொறுக்கச் செல்வோர் உயிருடன் மீளுதல் அரிது. பின்வாங்காமலே கடல் பொங்கி வருவதும் உண்டு.

பேரலை ஒன்றோடு நிற்பதுமில்லை. பெரலியவில் முதலாம் அலை புகையிரதத்தை நிறுத்தியது. அயலவர் பலர் அதனையே பாதுகாப்பென நம்பி ஏறினர். பின்னர் வந்த பெரிய அலை பெட்டிகளைப் புரட்டியெறிந்தது. 1,000க்கு மேற்பட்டோர் மாண்டனர்.

தொலைவில் நிகழும் பூமியதிர்ச்சி நமக்குப் புலப்படாமற் போகலாம். ஆகவே, நேயர்களே, கடல் தன் வழக்கம் மாறித் திடீரென ஏறினாலும் இறங்கினாலும், நின்று வேடிக்கை பாராது உயர்ந்த இடத்துக்குச் செல்லுங்கள். குழந்தைகளுக்கும் இதனைக் கற்பியுங்கள். அபாயம் நீங்கிற்றென அதிகாரிகள் அறிவிக்கும்வரை கரைக்குத் திரும்பாதீர்கள்.