மஹல்லாவுக்கு ஒரு வழக்கறிஞர் வேண்டும்!

(எம்.ரெட்டியபட்டியில் ஆற்றிய உரையிலிருந்து)

 

கடையில் வாங்கிய செக் திரும்பி வந்தால் எந்தச் சட்டம்? எல்லோருக்கும் பொதுவான 1881ஆம் ஆண்டின் சட்டம். அதே கடைக்காரர் மவுத்தானால் சொத்தைப் பிரிக்க எந்தச் சட்டம்? ஷரீஅத்! ஒரே மனிதர், இரண்டு சட்டங்கள். இதுதான் நம் நாட்டின் அமைப்பு. அதனால்தான் சட்டக் கல்லூரிகளில் குடும்பச் சட்டப் பாடத்தில் இந்து சட்டத்தோடு முஸ்லிம் சட்டமும் கற்பிக்கப்படுகிறது. மாற்று மதத்துச் சகோதரர் நம் வாரிசுரிமையைப் படித்துப் பட்டம் வாங்குகிறார். நம் பிள்ளைகள்?

1937இல் வந்த ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விட்டுவிட்டது. சென்னை மாகாணத்தில் 1949இல் செய்த திருத்தம் அதையும் சேர்த்தது. ஆக, இந்த வானம் பார்த்த பூமியிலும் மகனுக்கு இரண்டு பங்கென்றால் மகளுக்கு ஒரு பங்கு உண்டு. "மானாவாரிக் காடுதானே, சீர் செய்தாச்சே" என்று சொல்லிச் சகோதரியிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவோரே! ஷரீஅத்தைக் காப்போம் என்று கோஷம் போடும் நாம், முதலில் நம் வீட்டில் அதைக் காத்தோமா?

இலங்கையில் 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி காதி நீதிமன்றங்கள் உண்டு. இங்கே 1880ஆம் ஆண்டின் காஜிகள் சட்டம் காஜிக்கு நீதிபதி அதிகாரம் தரவில்லை. ஃபத்வாவுக்குச் சட்ட வலிமை இல்லை என்று 2014இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஜமாஅத் சமரசம் பேசலாம். தீராத வழக்கு கோர்ட்டுக்குத்தான் போகும். அங்கே ஷரீஅத்தும் தெரிந்த, கோர்ட் நடைமுறையும் தெரிந்த நம் பிள்ளை நிற்க வேண்டாமா?

பெண்பிள்ளைக்குச் சட்டப் படிப்பா என்கிறீர்களா? பத்தனம்திட்டையில் பிறந்த ஃபாத்திமா பீவிதான் 1989இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி!

பிளஸ் டூ முடித்தவருக்கு ஐந்தாண்டுப் படிப்பு. பட்டம் பெற்றவருக்கு மூன்றாண்டு. மதுரையிலும் இராமநாதபுரத்திலும் அரசு சட்டக் கல்லூரிகள் இருக்கின்றன. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007இல் 3.5 சதவீத இடஒதுக்கீடும் கிடைத்தது. விண்ணப்பமே போடாவிட்டால் ஒதுக்கீடு என்ன செய்யும்?

வியாபாரிகளே! உங்கள் மஹல்லா பைத்துல்மாலிலிருந்து ஒரே ஒரு பிள்ளையின் சட்டப் படிப்புச் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். இளைஞர்களே! அந்தப் பிள்ளை நான்தான் என்று முன்வாருங்கள். படித்து வந்தபின், பங்கு மறுக்கப்பட்ட சகோதரிக்காக முதல் வழக்கை நடத்துங்கள். அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக! வஸ்ஸலாம்.